மண்ணும் கல்லும் மனையும்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தரின் அடிப்படைத் தேவைகள் என்பர். இவற்றுள் உணவைப் பற்றியும் உடையைப் பற்றியும் நாள்தோறும் பேசும் நாம், உறையுளைப் பற்றி வாழ்நாளில் ஒருமுறையே எண்ணுகின்றோம். அதுவும் பெரும்பாலும் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் வேளையில்தான். தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் மண்சுவர் வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பெற்று, அவ்விடங்களில் சிமெண்டுத் தளமிட்ட வீடுகள் எழுந்து வருகின்றன. இம்மாற்றத்தில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. இழப்பு யாது என்பதையும், நம் மண், நம் கல், பிறர் கழித்த பழம்பொருள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு சிறு குடும்பத்துக்கேற்ற வீட்டை எவ்வாறு அமைக்கலாம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் இல்லம்

இல், மனை, அகம், உறையுள், குரம்பை, மாடம் எனத் தமிழில் வீட்டைக் குறிக்கும் சொற்கள் பல. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, எயினர், ஆயர், உழவர் முதலியோரின் குடியிருப்புகளைத் தனித்தனியே வருணிக்கின்றது. அந்தந்த நிலத்தார் அந்தந்த நிலத்தில் கிடைத்த பொருளாலேயே கூரை வேய்ந்தனர் என்பது அவ்வருணனைகளால் விளங்கும். நெடுநல்வாடையோ, அரண்மனைக்கு மனை வகுக்கும் முன் ஞாயிற்றின் நிழலைக் கொண்டு திசை குறித்த செய்தியைக் கூறுகின்றது. எளியவரின் குரம்பையும் அரசரின் கோயிலும் இரு துருவங்களாயினும், அவை தரும் பாடங்கள் இரண்டும் ஒன்றோடொன்று இணைவன. கிடைக்கும் பொருளை அறிதல் முதற்பாடம். வெயிலும் காற்றும் வரும் திசையை அறிதல் இரண்டாவது பாடம். இவ்விரண்டையும் அறிந்தவரே நல்ல வீடு கட்ட வல்லார்.

உறுதி என்பது யாது?

அரசின் மாதிரிக் கணக்கெடுப்புகள் வீடுகளைப் பக்கா, அரைப்பக்கா, கச்சா என மூவகைப்படுத்துகின்றன. சுட்ட செங்கல், கல், சிமெண்டு, ஓடு, உலோகத் தகடு, கல்நார்த் தகடு முதலியன பக்காப் பொருள்கள். மண், சுடாத செங்கல், மூங்கில், புல், ஓலை முதலியன கச்சாப் பொருள்கள். சுவரும் கூரையும் பக்காப் பொருளால் ஆகியிருப்பின் அது பக்கா வீடு. இவ்விலக்கணப்படி, கோடையில் உள்ளே இருக்கவொண்ணாத கல்நார்த் தகட்டு வீடு பக்காவாகின்றது. பாட்டனார் காலந்தொட்டு மூன்று தலைமுறைக்கு நிழல் தந்த மண்சுவர் ஓட்டு வீடு அரைப்பக்காவாகி விடுகின்றது.

குடிசையில் வாழ்வோரைத் தீயினின்றும் மழையினின்றும் காக்கும் அரசின் நோக்கம் போற்றத்தக்கது. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் 25 சதுர மீட்டரைக் குறைந்த அளவாகக் கொண்டது. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பெற்ற தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டை வகுத்து, 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் கட்டுவதை இலக்காகக் கொண்டுள்ளது. ஓலைக்குடிசைக்கு இவை வரப்பிரசாதம். ஆயினும் ஓலைக்குடிசையையும் நன்கு அமைந்த மண்சுவர் ஓட்டு வீட்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் மனப்பான்மை நம்மிடையே வளர்ந்துவிட்டது. மண்வீடு ஏழ்மையின் அடையாளம் என்றெண்ணி, நல்ல வீட்டை இடித்து, மானியத்துக்கு மேல் கடனும் வாங்கிக் கட்டுவோர் உளர். ஒரு வீட்டின் உறுதி அதன் பொருளில் மட்டும் அடங்கியதன்று. அப்பொருளைக் கையாளும் அறிவிலும் ஆண்டுதோறும் பேணும் அக்கறையிலுமே அது பெரும்பாலும் அடங்கியுள்ளது. இவ்வுண்மைக்கு உலகெங்கும் சான்றுகள் உள்ளன.

உலகம் தரும் சான்றுகள்

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே என்னும் ஊரின் பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆயது. இன்றுள்ள கட்டடம் 1907இல் எழுப்பப்பெற்றது. யுனெஸ்கோ நிறுவனம் அவ்வூரின் பழைய பகுதிகளை 1988இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. நூறு மழைக்காலங்களைத் தாங்கி அது நிற்பதற்குக் காரணம், ஆண்டுதோறும் ஊர்மக்கள் அனைவரும் விழாவாகக் கூடி அதற்குப் புதுச்சேறு பூசுவதேயாகும்.

எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900-1989), லக்சர் நகருக்கு அருகில் புதிய குர்னா என்னும் சிற்றூரைச் சுடாத செங்கல்லால் 1940களில் அமைத்தார். ஏழைகளுக்கான கட்டடக்கலை பற்றி அவர் எழுதிய நூல் 1973இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. எனினும் அவ்வூரில் குடியேற மக்கள் விரும்பவில்லை. தம் பழைய ஊரைவிட்டுப் பெயர்க்கப்படுவதை அவர்கள் ஏற்காமையே காரணம். குடியிருப்போரின் உள்ளம் இசையாவிடில் சிறந்த கட்டடமும் வெறுங்கட்டடமே என்பது அதனால் பெறப்படும்.

இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக வாழ்ந்த லாரி பேக்கர் (1917-2007), திருவனந்தபுரத்தைத் தம் களமாகக் கொண்டார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தே அவருக்கு வழிகாட்டியாயிற்று. செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி இடையே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டினால் செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவர் மிச்சப்படுத்தினார். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டின் அளவையும் வெப்பத்தையும் குறைத்தார். பிறர் கழித்த கதவு, சன்னல், கண்ணாடிப் புட்டி ஆகியவற்றை அவர் வீணென்று ஒதுக்கியதில்லை. 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நமக்கு அண்மையிலும் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தோன்றிய அஸ்திரா என்னும் ஊரகத் தொழில்நுட்ப மையமும், 1989இல் தோன்றிய ஆரோவில் மண் கட்டடக் கழகமும் மண்ணோடு சிறிதளவு சிமெண்டு கலந்து பொறியால் அழுத்திச் செய்யும் கற்களைப் பரப்பின. இவற்றைச் சூளையிலிட்டுச் சுட வேண்டியதில்லை. ஆதலின் விறகு மிச்சம்.

சிட்டிலிங்கியின் எடுத்துக்காட்டு

தொலைநாடுகளின் சான்று கண்டோம். நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் சிட்லிங் என்றும் சிட்டிலிங்கி என்றும் வழங்கப்பெறும் ஊர் உள்ளது. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் பகுதி இது. மருத்துவ இணையரான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993இல் இங்குப் பழங்குடி நல மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, அவர்களின் முதல் மருத்துவமனை ஊர்மக்கள் கைகொடுத்து எழுப்பிய ஒரு கூரைக்குடிசையே. அக்குடிசையில் தொடங்கிய பணி இன்று பெரிய மருத்துவமனையாக வளர்ந்துள்ளது.

அதே பள்ளத்தாக்கில், கட்டடக் கலைஞர்களான கிருஷ்ணா, அனுராதா இணையர் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் துளிர் என்னும் கல்வி மையத்தைத் தொடங்கினர். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்குக் கட்டட வேலை, மின்சார வேலை முதலிய கைத்தொழில்கள் பாடமாக அமைந்தன. மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பிய கைகளே கணக்கையும் அளவையையும் கற்றன. குர்னாவில் நேர்ந்த குறை இங்கு நேரவில்லை. கட்டுவோரும் பயன்கொள்வோரும் ஒரே ஊராராக இருந்ததே அதற்குக் காரணம் எனலாம்.

நம் மண்ணும் வானமும்

1965இல் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான தருமபுரி, செம்மண்ணும் கருங்கல்லும் நிறைந்த மேட்டுநிலம். ஆண்டு மழையளவு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். மேற்கு வெயில் கொடியது. ஆனால் கோடை இரவுகள் ஓரளவு குளிர்வன. இத்தகைய பகலிரவு வேறுபாடு உள்ள நிலத்துக்குத் தடித்த மண்சுவர் மிகப் பொருந்தும். ஒன்றரை அடிச் சுவரின் வெளிப்புறத்தில் பட்ட வெப்பம் உட்புறம் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் இரவுக்காற்று சுவரைக் குளிர்விக்கத் தொடங்கிவிடும். மெல்லிய கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மாலையில், நாம் களைத்து வந்து அமரும் வேளையில், நம் தலைமேல் இறக்குகின்றது.

எல்லா மண்ணும் சுவருக்கு ஆகாது. மேல்மண்ணில் வேரும் மக்கும் கலந்திருக்கும்; அதனை அகற்றித் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, அதன் கீழுள்ள மண்ணை எடுத்தல் வேண்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, சிறிது உப்புச் சேர்த்து நன்கு குலுக்கி அசையாது வைத்தால், மணல் உடனே அடியில் படியும். வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். களி கடைசியில் படியும். மணலும் பருமணலும் மூன்றில் இரு பங்கும், களி ஐந்தில் ஒரு பங்களவும் இருப்பின் சுவருக்கு உகந்த மண்ணாகும். களி மிகின் வெடிக்கும், குறையின் உதிரும். மிகுந்தால் மணலும், குறைந்தால் ஏரிக்களியும் சேர்த்துச் சரி செய்யலாம். நறுக்கிய வைக்கோலைக் கலந்து, நீரூற்றி, மிதித்து, சில நாள் புளிக்க வைத்த சேறே சுவருக்கு ஆகும். நாளொன்றுக்கு ஓரடி உயரத்துக்கு மேல் வைத்தலாகாது. கீழ்ப்படை இறுகிய பின்னரே மேற்படை வைத்தல் முறை.

ஒரு சிறு வீட்டின் வரைவு

பெற்றோரும் இரு பிள்ளைகளும் வாழும் குடும்பத்துக்கு 320 சதுர அடி உள்ளளவு போதும் எனக் கொள்வோம். உள்ளகலம் 10 அடி. நீளவாட்டில் 14 அடிக் கூடம், 10 அடி அறை, 8 அடிச் சமையலறை என மூன்றும் ஒரே வரிசையில் அமைதல் நன்று. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைய வேண்டும். அவ்வாறாயின் மேற்கு வெயில் 10 அடி அகலச் சுவரில் மட்டுமே படும். சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் அமைந்து காற்றோட்டம் தரும். மேற்குப் புறத்தில் ஒரு புங்கமரம் வைத்தல் நலம்.

ஒரே வரிசை என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இரு பக்கச் சுவர்களும் இரு இடைச்சுவர்களும் கூரை முகடு வரை உயர்ந்து முகட்டு உத்திரத்தைத் தாங்கும். ஆதலின் 32 அடி நீள உத்திரம் தேவையில்லை. சுவருக்குச் சுவர் தாங்கும் மூன்று துண்டுகள் போதும். பழைய மரம் குறுகிய துண்டுகளாகவே கிடைக்கும் என்பதை நோக்க, இவ்வமைப்பின் அருமை விளங்கும்.

மண்வீட்டுக்குக் காலும் தலையும் நன்றாக இருந்தால் உடல் தானே நிற்கும். கால் என்பது கருங்கல் அடித்தளம். கடைக்காலைக் கெட்டித் தரைவரை தோண்டிக் கல்லால் நிரப்பி, தரைக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அடி வரை கல்லாலேயே கட்ட வேண்டும். மழைநீர் தெறித்துச் சுவரின் அடி கரைவதை இது தடுக்கும். கல்லடுக்கின் மேல் கற்பலகை பரப்பினால் கரையான் சுவருக்குள் மறைந்து ஏறுதல் அரிதாகும். தலை என்பது இறவாரம். சுவருக்கு வெளியே இரண்டரை அடியேனும் கூரை நீண்டிருக்க வேண்டும். முகட்டிலிருந்து இறவாரம் வரை கைமரம் பத்தரை அடி இருந்தால் 30 பாகைச் சரிவுக்குப் போதும். தெற்கே ஆறடி அகலத் திண்ணை அமைப்பின் உச்சிவெயிலுக்கு நிழலும், வந்தவர்க்கு இருக்கையும் ஆகும்.

வெளிப்பூச்சுக்குச் சுண்ணாம்பே சிறந்தது. சிமெண்டுப் பூச்சு மண்சுவரோடு ஒட்டாது வெடிப்பதோடு, உள்ளே புகுந்த ஈரத்தை வெளிவிடாமல் அடைத்துச் சுவரைக் கெடுக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைப்பது நம் பழைய கொத்தனார் வழக்கு. அக்கடுக்காய் நம் மலைகளிலேயே விளைவது. குளியலறையும் கழிப்பறையும் மண்சுவரை ஒட்டாமல் கல்லாலோ சுட்ட செங்கல்லாலோ தனியே அமைய வேண்டும்.

பழம்பொருளின் மதிப்பு

செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியில் விற்பனையாவதைப் பலர் அறிவர். அத்துணைச் சிறப்பில்லையெனினும், நம் ஊர்களிலும் வீடு இடிக்கும் இடங்களில் வேம்பு, பலா, தேக்குக் கதவுகளும் மங்களூர் ஓடுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய இவ்வோடுகள், உடையாதவரை எத்தனை கூரைக்கும் மாற்றி வேயத்தக்கன.

பழம்பொருள் வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டியன சில. ஓட்டைச் சுண்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது விரிசலைக் காட்டும். மரத்தில் ஆணியால் குத்திப் பார்த்து, பொத்தென்று இறங்கினால் விலக்க வேண்டும். நன்கு உலர்ந்த பழைய மரம் இனி முறுக்கிக்கொள்ளாது என்பது அதன் தனிச்சிறப்பு. கதவும் சன்னலும் கைக்கு வந்த பின்னரே சுவரில் வாயிலுக்கு அளவு குறிக்க வேண்டும். வாயிலை முதலில் அமைத்துவிட்டு அதற்கேற்ற பழங்கதவைத் தேடுதல் வீண் அலைச்சல். உடைந்த ஓடும் செங்கல்லும் தளநிரப்புக்கு ஆகும்.

சில பொருள்களை விலை மலிவு என்பதற்காக எடுத்தலாகாது. கல்நார்த் தகட்டை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிழை நுரையீரலுக்குக் கேடு. துருவேறிய கம்பி, பழைய மின்கம்பி, பழைய நீர்க்குழாய் ஆகியனவும் விலக்கத்தக்கன. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனை உலரச் சுரண்டித் தூளெழுப்புதல் கூடாது.

கூரை தரும் நீர்

தருமபுரியின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது நாடறிந்த செய்தி. 2013இல் தொடங்கி வைக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இத்துன்பத்தைப் போக்கவே வந்தது. மழைநீரில் இக்கேடு இல்லை. நாம் வரைந்த வீட்டின் கூரை, இறவாரம் உட்பட 40 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்டு ஏறத்தாழ 67 சதுர மீட்டர் பரப்பை மூடும். 850 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் ஆண்டுக்கு 45,000 லிட்டர் நீர் திரட்டலாம். முதல் மழையை வெளியேற்றி, எஞ்சியதை மூடிய தொட்டியில் வடிகட்டிச் சேர்த்து, காய்ச்சிப் பருகலாம்.

குறைகளும் தீர்வும்

மண்வீட்டில் குறையே இல்லை எனல் பொய்யாகும். ஆண்டுக்கொரு முறை பூச்சைப் பழுதுபார்க்க வேண்டும். பெயர்ந்த ஓட்டை மழைக்கு முன் மாற்ற வேண்டும். எலி வளையையும் கரையான் புற்றையும் அவ்வப்போது நோக்க வேண்டும். இதற்குக் காலமில்லாதவர்க்கு இவ்வீடு ஏற்றதன்று. அரசு மானியம் பெறுவோர் திட்டத்தின் விதிப்படி கான்கிரீட் கூரையே அமைக்க நேரும். அவர்களும் பழைய வீட்டின் ஓட்டையும் மரத்தையும் வந்த விலைக்கு விற்றுவிடாமல், புதுவீட்டின் முன் திண்ணைக்கும் பின் தாழ்வாரத்துக்கும் கூரையாக்கலாம். மேற்குச் சுவருக்கு அதுவே நிழலாகும். பொறியாளரின் துணையோடு தளத்தினுள் ஓடு பதிக்கும் பேக்கரின் முறையையும் பின்பற்றலாம்.

முடிவுரை

கடைக்கால், உத்திரம், கைமரம், வாரை, இறவாரம், தாழ்வாரம், திண்ணை, காரை, சுதை என்னும் சொற்கள் அகராதியில் என்றும் இருக்கும். அவற்றுக்குரிய பொருளைக் கைகளால் அறிந்தோர் நம் ஊர்களில் முதுமையுற்று வருகின்றனர். மண் மிதித்த பதத்தைக் காலால் அறிந்த கொத்தனாரும், சுண்ணாம்பு நீறும் நாள்களைக் கணக்கிட்டுச் சொல்லும் மூதாட்டியும் மறைந்தபின், எந்நூலைப் புரட்டியும் அவ்வறிவை முழுதும் பெறவியலாது. தமிழ் பயிலும் மாணவர்கள் தத்தம் ஊரில் அத்தகையோரை நாடி, அவர்கள் வழங்கும் கட்டடச் சொற்களையும் செய்முறைகளையும் எழுதித் தொகுப்பின், அது மொழிக்கும் தொண்டாகும். மனை கட்ட விழையும் எளிய குடும்பத்துக்கும் துணையாகும். ஊர்ப் பெரியோர், பழைய வீட்டை இடிக்குமுன் ஒருமுறை அதன் சுவரைத் தட்டிப் பார்த்து, இளையோரிடம் அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இடித்த வீட்டை மீண்டும் எழுப்ப முடியும்; கட்டும் அறிவை இழந்தபின் எழுப்புதல் அரிது.